டர்போ வாங்குவதற்கு முன் கியர்பாக்ஸைக் கேளுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கர இயக்கம், 5 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி கணக்குப்படி 130 பிஎச்பி பவர், 165 என்எம் டார்க். தினமும் வேலைக்குப் போய்வர 60 கி.மீ.; அதில் பாதி நெரிசல். மாதத்தில் இரண்டு முறை மலைப்பாதையில் ரசித்து ஓட்டுவேன். 200 பிஎச்பி வேண்டும் என்று ஆசை. முதலில் 4-2-1 ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி), வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் 272 டிகிரி கேம்ஷாஃப்ட். அடுத்து 3.5 கிலோ அலுமினிய ஃப்ளைவீல் (கிராங்க்கின் முனையில் சுழலும் கனமான சக்கரம்), ஆறு பக் (ஆறு உராய்வுத் துண்டுகள் கொண்ட) செராமிக் கிளட்ச். பிறகு 4.1 ஃபைனல் டிரைவை (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர விகிதத்தை) 4.4 ஆக மாற்றுவது. கடைசியில் காசு சேர்ந்ததும் டர்போ. இந்த வரிசை சரியா? எதை முதலில் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள பொருள்கள் தனித்தனியாக நல்லவைதான். ஆனால் அவை இரண்டு வேறு வேறு கார்களுக்கானவை. ஹெடர், நீண்ட கேம், 4.4 ஃபைனல் டிரைவ் மூன்றும் 7000 ஆர்பிஎம் வரை விரட்டி ஓட்டுகிற, டர்போ இல்லாத காருக்கு. டர்போ வரப்போகிற காருக்கு அவை மூன்றுமே வீண்செலவு.

ஹெடரை டர்போ வரும் அன்றே கழற்றி மூலையில் வைக்க வேண்டியிருக்கும். 272 டிகிரி கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் அதிகம். டர்போவின் டர்பைன் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) முன்னால் அடைத்து நிற்கும்போது எக்ஸாஸ்ட் பக்கத்து அழுத்தம் இன்டேக்கைவிட உயர்ந்துவிடும். அந்த ஓவர்லேப் நேரத்தில் எரிந்த சூடான வாயு சிலிண்டருக்குள் திரும்பி வரும். உள்ளே வரும் புதுக்காற்று குறையும், கலவை சூடாகும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) சீக்கிரம் வரும். கம்பெனி கேம்தான் சிறிய டர்போவுக்கு நல்ல ஜோடி. 4.4 ஃபைனல் டிரைவ் சக்கரத்துக்குப் போகும் டார்க்கை 7 சதவீதம் கூட்டும். டர்போ இல்லாத காரில் அந்த 7 சதவீதம் அருமையானது; டர்போ காரில் முதல் இரண்டு கியர்களில் டயர் சுழல்வதைத் தவிர வேறு பயன் இல்லை. நெடுஞ்சாலையில் விலையும் கொடுக்க வேண்டும். 205/50 ஆர்16 டயரும் 0.80 ஐந்தாம் கியரும் என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் 4.1-க்கு சுமார் 2900 ஆர்பிஎம், 4.4-க்கு 3100-க்கு மேல். தினமும் அந்த இரைச்சலோடு போய்வர வேண்டும்.

ஆகவே முதல் முடிவு: டர்போவா, இல்லையா? உங்கள் ஓட்டத்துக்கு டர்போதான் பொருந்தும் என்பது என் கருத்து. கேம், ஹெடர், இன்டேக், டியூன் எல்லாம் சேர்த்தாலும் இந்த அளவு இன்ஜினில் கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 25 பிஎச்பி. அதுவும் 5000 ஆர்பிஎம்-க்கு மேலேதான் கிடைக்கும். 272 டிகிரி கேம் கீழ் ஆர்பிஎம் டார்க்கைத் தின்றுவிடும், ஐடில் நடுங்கும். நெரிசலில் நீங்கள் இருப்பதோ 1000-க்கும் 2500-க்கும் இடையே.

200 பிஎச்பி என்ற இலக்கை அப்படியே விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அதை டார்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டார்க்கை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.34-ஆல் பெருக்கினால் பிஎச்பி. 6000 ஆர்பிஎம்-இல் 235 என்எம் இருந்தால் ஏறக்குறைய 200 பிஎச்பி. 4750-இல் 300 என்எம் இருந்தாலும் அதே 200 பிஎச்பிதான். விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே எண். கியர்பாக்ஸுக்கோ இரண்டும் ஒன்றல்ல. பல்லை உடைப்பதும் ஷாஃப்டை வளைப்பதும் டார்க். 300 என்எம் வரும்போது இரண்டு ஷாஃப்டுகளும் ஒன்றையொன்று தள்ளி விலகப் பார்க்கும். பற்கள் முழு ஆழத்துக்குக் கடிக்காமல் நுனியில் கடிக்கும். பெரும்பாலும் மூன்றாம் கியர்தான் முதலில் போகும். முதல் இரண்டு கியர்களில் டயர் சுழன்று பாரத்தைக் குறைத்துவிடும். மூன்றாவதில் டயர் பிடித்துக்கொள்ளும், முழு அடியும் பல்லின் மேல் இறங்கும்.

உங்கள் கியர்பாக்ஸின் வரம்பு என்ன என்று கண்டுபிடியுங்கள். அதே கியர்பாக்ஸை உங்கள் கார் நிறுவனம் வேறு எந்த இன்ஜினோடு பொருத்தியது என்று பாருங்கள். 2.0 லிட்டரோடும் டீசலோடும் வந்திருந்தால் மனதில் கொஞ்சம் தெம்பு வரலாம். 1.4 லிட்டரோடு பகிர்ந்துகொண்ட பெட்டி என்றால் எச்சரிக்கை. சில நிறுவனங்கள் பெயரிலேயே சொல்லிவிடும்: ஓப்பலின் எஃப்17, எஃப்23 போன்றவற்றில் அந்த எண்ணின் பத்து மடங்குதான் ஏறக்குறைய டார்க் வரம்பு. நிறுவனங்கள் லட்சக்கணக்கான கி.மீ. ஆயுளை மனதில் வைத்தே வரம்பு சொல்கின்றன. அதற்கு மேல் 15, 20 சதவீதம் போவதை நான் ஒத்துக்கொள்வேன். 60 சதவீதம் என்றால் வேறு கியர்பாக்ஸ் தேடுங்கள், அல்லது இலக்கைக் குறையுங்கள்.

உங்கள் கியர்பாக்ஸ் 200 என்எம் வகுப்பைச் சேர்ந்தது என்று வைத்து மேலே எழுதுகிறேன். இலக்கு: உச்சமாக 235 என்எம், அதுவும் 3500-க்கு மேல், 6000 வரை தட்டையாக. இதற்கு 0.45 பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) போதும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சரியான அளவில் இருந்தால் 165 என்எம் இன்ஜின் அந்த பூஸ்டில் 225, 235-ஐத் தொடும். உங்கள் இன்ஜினில் கம்ப்ரஷன் 10:1-ஐ ஒட்டி இருக்கும், 0.45 பாருக்கு பிஸ்டனை மாற்ற வேண்டியதில்லை, திறக்கவே வேண்டியதில்லை. சாதாரண வார்ப்பு பிஸ்டனைக் கொல்வது பூஸ்ட் அல்ல, நாக்கிங். மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையே உள்ள மெல்லிய சுவர் விண்டு போகும். அடுத்த நாள் காலை எண்ணெய்ப் புகையும் கம்ப்ரஷன் இல்லாத ஒரு சிலிண்டரும்தான் மிச்சம்.

இனி வேலை. 1,10,000 கி.மீ. ஓடிய இன்ஜின் இதைத் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி கம்ப்ரஷன் டெஸ்ட். திராட்டிலைத் திறக்க மறந்தால் எல்லா எண்களும் பொய்யாகக் குறைவாக வரும். நான்குக்கும் இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். முடிந்தால் லீக்-டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவை அளப்பது) செய்யுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே கசிந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் டர்போ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கியர்பாக்ஸின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அதன் எண்ணெயே காட்டிக்கொடுக்கும். எண்ணெயைச் சூடாக வடித்து, டிரெயின் பிளக்கின் காந்தத்தை ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்கும் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற, ஊசி போன்ற சில்லுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. எண்ணெயில் தங்கப் பொடி தூவியது போல மின்னினால் பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் மாறும்போது வேகங்களைச் சமன்செய்வது) தேய்கிறது. இரண்டாம் கியருக்கு வேகமாக மாற்றும்போது கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். இது எதுவும் இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அந்தக் கட்டம்தான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு: கியர்பாக்ஸை ஒரே ஒரு முறை இறக்குவது. கிளட்ச், ஃப்ளைவீல், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) மூன்றுக்கும் அதே பெட்டிதான் கீழே இறங்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் மூன்று முறை கூலி, மூன்று முறை உங்களுக்குக் கார் இல்லாத நாள்கள். டர்போ வருவதற்கு முன்பே இதை முடியுங்கள். டர்போவை முதலில் போட்டவர்களின் கார்களில் பழைய கிளட்ச் சில வாரங்களில் வழுக்கத் தொடங்கி, அதன் சூட்டில் ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் நுண்ணிய வெடிப்புகளும் வந்துவிடுகின்றன.

செராமிக் ஆறு பக் கிளட்ச் ஏன் வேண்டாம்? கிளட்ச் தாங்கும் டார்க் நான்கு எண்களின் பெருக்கம்: உராய்வுக் கெழு, உராயும் பரப்புகளின் எண்ணிக்கை 2, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம். 215 மி.மீ. வெளிவிட்டம், 145 மி.மீ. உள்விட்டம் கொண்ட தட்டுக்குச் சராசரி ஆரம் 90 மி.மீ. சாதாரண ஆர்கானிக் தட்டுக்குக் கெழு 0.28, அழுத்தம் 4500 நியூட்டன் என்றால் 227 என்எம். 165 என்எம் இன்ஜினுக்கு அது தாராளம், 235-க்குப் போதாது. நமக்கு வேண்டியது 235-க்கு மேல் 30 சதவீதம், அதாவது சுமார் 305. பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை 30 சதவீதம் கூட்டி, கெழு 0.30 உள்ள நல்ல ஆர்கானிக் தட்டு போட்டால் 316 என்எம். வேலை முடிந்தது. நடுவில் ஸ்பிரிங் உள்ள தட்டாகவே வாங்குங்கள். இன்ஜின் துடிப்புகள் நேராகக் கியர் பற்களுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்கிறது. செராமிக்கின் கெழு அதிகம், உண்மைதான். ஆனால் அது மெதுவாகப் பிடிக்கத் தெரியாதது. பிடித்தால் முழுவதும் பிடிக்கும், விட்டால் முழுவதும் விடும். நெரிசலில் அரை கிளட்ச் வைக்கும்போது கார் உதறும், உதறும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸுக்கும் மவுன்ட்டுக்கும் அடி.

அழுத்தம் கூடினால் பெடல் கனக்கும். 30 சதவீதம் வரை கால் பழகிவிடும். அதற்கு மேல் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பெடலை மிதிக்கும்போது அந்த விசை முழுவதையும் கிராங்க்ஷாஃப்டின் திரஸ்ட் வாஷர்தான் முதுகு கொடுத்துத் தாங்குகிறது. காலையில் எண்ணெய் ஏறாத இன்ஜினைக் கிளட்ச் மிதித்தபடி ஸ்டார்ட் செய்யும்போது அது உலர்ந்த நிலையில் உராயும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 0.3 மி.மீ. தாண்டியிருந்தால், கனமான பிரஷர் பிளேட் போடுவதற்கு முன் திரஸ்ட் வாஷர் மாற வேண்டும்.

ஃப்ளைவீல் விஷயத்தில் 3.5 கிலோ அலுமினியம் உங்களுக்கு அல்ல. எடை குறைந்தால் எங்கே லாபம் என்று பாருங்கள். கம்பெனி ஃப்ளைவீல் 9 கிலோ என்று கொள்வோம். அதில் சுமார் 3 கிலோவை விளிம்புப் பக்கமாகக் குறைத்தால் சுழல் நிலைமம் 0.04 கிலோகிராம் சதுர மீட்டர் அளவு குறையும். முதல் கியர் 3.3, ஃபைனல் 4.1 உள்ள காரில் அது முதல் கியரில் காரின் எடையில் 80 கிலோ குறைந்ததற்குச் சமம். மூன்றாம் கியரில் 13 கிலோ. ஐந்தாம் கியரில் 5 கிலோகூட இல்லை. உண்மையான சுகம் கியர் குறைக்கும்போது ஆர்பிஎம் சட்டென்று ஏறுவதில் இருக்கிறது, அதற்கு 5.5, 6 கிலோ ஸ்டீல் போதும். அதற்கும் கீழே போனால் ஏசி போட்டவுடன் ஐடில் தடுமாறும், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், சிக்னலில் கிளம்பும்போது இன்ஜின் அணையும். உங்கள் காரில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு பகுதி ஃப்ளைவீல்) என்றால் இந்தக் கணக்கு மாறும்: அதை ஒற்றை ஃப்ளைவீலாக மாற்றும்போது கிளட்ச் தட்டும் கட்டாயம் ஸ்பிரிங் உள்ளதாக மாற வேண்டும். ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பெட்டி இறங்கியிருக்கும்போது கிராங்க் பின் சீல், ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர், இன்புட் ஷாஃப்ட் சீல், டிரைவ்ஷாஃப்ட் சீல்கள் எல்லாம் மாறிவிடட்டும். இவற்றில் ஒன்று ஆறு மாதம் கழித்துக் கசிந்தால் புதுக் கிளட்சின் மேல்தான் எண்ணெய் சொட்டும்.

டிஃபரன்ஷியலுக்கு வருவோம். பணம் ஒரே பொருளுக்குத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால், டர்போவைவிட முன்னால் இதைத்தான் சொல்லியிருப்பேன். மலைப்பாதை வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகும். திறந்த டிஃபரன்ஷியல் இருப்பதையெல்லாம் அந்தச் சக்கரத்தில் கொட்டிச் சுழற்றும். 130 பிஎச்பியிலேயே இது நடக்கிறது. 200-இல் வளைவை விட்டு வெளியே வரவே விடாது. வாங்க வேண்டியது ஹெலிக்கல் கியர் வகை. டோர்சன், குவைஃப் ஆகிய பெயர்களில் அறியப்படுவது. அதில் தேயும் தட்டுகள் இல்லை. முன்சக்கர காரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன என்பதை மறக்காதீர்கள். பிளேட் வகைக்குத் தனி எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் சிங்க்ரோக்களுக்கு ஒத்துவராது. ஹெலிக்கல் வகைக்கு கியர்பாக்ஸ் கேட்கும் எண்ணெயே போதும். கையேடு ஜிஎல்-4 வகை கியர் எண்ணெய் என்று சொன்னால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். சிங்க்ரோ வளையத்துக்கு வேண்டிய உராய்வையே அது வழுக்கலாக்கிவிடும், கியர் விழாது. ஹெலிக்கலுக்கு ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் முழுவதும் அந்தரத்தில் தூக்கினால் திறந்த டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடும். சாலையில் அப்படி நடப்பது அரிது. பொருத்தும்போது பேரிங் பிரீலோடை (பேரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து அளந்து சரிசெய்வது கட்டாயம். பழைய ஷிம்மையே போட்டு மூடினால் சில ஆயிரம் கி.மீ-இல் பேரிங் ஊளையிடும்.

ஃபைனல் டிரைவ் 4.1-ஐத் தொடாதீர்கள். பெட்டி திறந்திருக்கிறதே என்று ஆசை வரும். டர்போ காருக்கு நீளமான கியர்தான் நண்பன்.

மவுன்ட்டுகளில், இன்ஜின் முன்பின்னாகச் சாய்வதைத் தடுக்கும் கீழ் மவுன்ட்டை மட்டும் கடினமான பாலியூரித்தேனுக்கு மாற்றுங்கள். இன்ஜினின் எடையைத் தாங்கும் பக்க மவுன்ட்டுகள் கம்பெனி ரப்பராகவே இருக்கட்டும். நான்கையும் மாற்றினால் ஐடிலில் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்கும். கீழ் மவுன்ட் தளர்ந்திருந்தால் கிளம்பும்போது சக்கரம் துள்ளும். டிரைவ்ஷாஃப்ட் ஜாயின்ட்டுகள் உடைவது அந்தத் துள்ளலில்தான்.

இவ்வளவும் முடிந்ததும் 800 கி.மீ. நகரத்துக்குள் மென்மையாக ஓட்டுங்கள், முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். கிளட்ச் பரப்பு ஒன்றோடொன்று படிய அவ்வளவு தூரம் வேண்டும். இந்த நிலையில் காரை இரண்டு, மூன்று மாதம் அனுபவியுங்கள். பவர் ஒரு பிஎச்பிகூட ஏறியிருக்காது, ஆனால் மலைப்பாதையில் அது வேறு காராகத் தெரியும்.

டர்போ கட்டத்தில் ஒரு விதி: டர்போ, இன்ஜெக்டர், பம்ப், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார் (காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) ஐந்தும் ஒரே நாளில் காரில் ஏற வேண்டும். இன்ஜெக்டர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பதில்தான் பல இன்ஜின்கள் போயிருக்கின்றன.

இன்ஜெக்டர் அளவை நீங்களே கணக்குப் போடலாம். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பாரத்தில் ஒரு பிஎச்பிக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 270 கிராம் எரிபொருள் குடிக்கும். 200 பிஎச்பிக்கு 54 கிலோ. ஒரு சிலிண்டருக்கு 13.5 கிலோ, லிட்டரில் 18. அதாவது நிமிடத்துக்கு 300 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 380 சிசி வேண்டும். சந்தையில் கிடைக்கும் 440 சிசி வாங்குங்கள். 1000 சிசி வாங்கினால் ஐடிலில் துளித்துளியாகக் கட்டுப்படுத்த முடியாது. வாங்கும்போது டெட் டைம் தரவு அட்டவணை தருகிறார்களா என்று கேளுங்கள். மின்னழுத்தத்துக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் அது. அது இல்லாமல் டியூன் செய்தால் ஹெட்லைட் போடும்போதெல்லாம் கலவை மாறும். பம்ப்புக்கு மொத்தத் தேவை மணிக்கு 72 லிட்டர்தான். 190 லிட்டர் பம்ப் தாராளம்.

மேனிஃபோல்டில் உள்ள பழைய பிரஷர் சென்சார் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் படிக்காது; 2.5 அல்லது 3 பார் சென்சார் போட வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மி.மீ. என்ஜிகே எண்களில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷ் எண்களில் நேர்மாறு. இதைக் குழப்பிக்கொண்டு சூடான பிளக்கைப் போட்டு நாக்கிங் வரவழைத்தவர்கள் உண்டு. கிராங்க்கேஸ் காற்றோட்டத்தின் பிசிவி வால்வு பூஸ்டில் ஒருவழியாக மூடுகிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். மூடாவிட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் புகுந்து டிப்ஸ்டிக்கைத் தூக்கி வெளியே எறியும், சீல்களைத் தள்ளும்.

டர்போவின் எண்ணெய் திரும்பும் குழாயைத் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் புது டர்போ புகைகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது, ஆனால் வெளியே வரும்போது அழுத்தம் இல்லை. நுரை கலந்த எண்ணெய், தன் எடையில் மட்டும் வழிகிறது. குழாயின் உள்விட்டம் 13 மி.மீ-க்குக் குறையக் கூடாது. முழு நீளமும் கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் அங்கே எண்ணெய் தேங்கும். சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) அது சேரும் துளை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் எண்ணெய் டர்போவுக்குள் பின்தங்கி, சீலைத் தாண்டி, டர்பைன் பக்கம் நீலப் புகையாக வரும். டர்போவை மாற்றினாலும் புகை போகாது. சம்ப்பில் துளையிடுவதென்றால் சம்ப்பைக் கழற்றி எடுத்துத் துளையிட்டுக் கழுவுங்கள். காரிலேயே வைத்துத் துளைத்தால் உள்ளே விழும் ஒரு அலுமினியச் சுருள் போதும், பேரிங்கை முடிக்க.

இன்டர்கூலரைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு, பூஸ்ட் குறைவுதானே என்று. கேட்காதீர்கள். 30 டிகிரி காற்று 0.45 பார் அழுத்தத்துக்குப் போகும்போது கம்ப்ரஸரை விட்டு வெளியே வருவது 80 டிகிரிக்கு அருகில். ஓரளவு நல்ல இன்டர்கூலர் அதை 45-க்குக் கொண்டுவரும். நாக்கிங்கின் எல்லை அந்த 35 டிகிரியில் இருக்கிறது. ஆனால் அது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். இரண்டுக்கும் இடையே உள்ள ஓரங்களை ஃபோம் வைத்து அடைக்காவிட்டால் காற்று சுற்றிப் போய்விடும், நெரிசலில் ஏசி போட்டதும் கூலன்ட் சூடாகும். ஆயில் கூலர் வைப்பதென்றால் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டோடு வையுங்கள். தினசரி ஓட்டத்தில் எண்ணெய் 90 டிகிரியை எட்டவில்லையென்றால் அதில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் கதவு) ஸ்பிரிங் 0.4 பார் அளவில் இருக்கட்டும். பூஸ்ட் கன்ட்ரோலர் ஸ்பிரிங்குக்கு மேலேதான் ஏற்ற முடியும், கீழே இறக்க முடியாது. எனவே எலக்ட்ரானிக்ஸ் எது பழுதானாலும் கார் திரும்பி நிற்கும் இடம் ஸ்பிரிங்தான். முதல் இரண்டு கியர்களில் ஸ்பிரிங் பூஸ்ட் மட்டும், மூன்றாவதிலிருந்து 0.45 என்று ஈசியூவில் அமைக்கச் சொல்லுங்கள். 3500-க்குக் கீழே பூஸ்ட் மெல்ல ஏற வேண்டும்.

டியூன் செய்பவரிடம் கேட்க வேண்டியவை: முழு பூஸ்டில் லாம்ப்டா 0.80-இலிருந்து 0.85-க்குள், இக்னிஷன் தொடக்கத்தில் 0.07 பாருக்கு ஒரு டிகிரி வீதம் பின்னே, அதாவது சுமார் 6 டிகிரி; உள்ளே வரும் காற்று 50 டிகிரி தாண்டினால் இன்னும் பின்னே; பூஸ்ட் 0.6 தாண்டினால் எரிபொருள் வெட்டு. நீங்கள் தினமும் போடப்போகும் அதே ஆக்டேன் பெட்ரோலில் டியூன் நடக்க வேண்டும். டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரத்தில்) முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டங்கள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குளிர் ஸ்டார்ட், ஏசி ஐடில், 2000 ஆர்பிஎம்-இல் கால் பட்டும் படாமல் ஓட்டும் பகுதி, இவற்றுக்குத்தான் இரண்டு, மூன்று காலைகள் வேண்டும். அதற்குப் பணம் கேட்டால் கொடுங்கள். உங்கள் 60 கி.மீ. முழுவதும் அந்தப் பகுதியில்தான் போகிறது.

டயரும் பிரேக்கும் டர்போவுக்கு முன் சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஈரம் உறிஞ்சிய பின் அதன் கொதிநிலை 230-இலிருந்து 155 டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும், மலை இறக்கத்தில் அது நினைவுக்கு வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். 200 செல் உள்ளதைப் போட்டால் இந்தப் பவருக்கு இழப்பு பெயரளவுக்குத்தான். மாற்றங்கள் உங்கள் ஊர்ச் சட்டத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பொருந்துமா என்று பொருள் வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டின் நான்கு எண்களையும், கியர்பாக்ஸின் மாடல் எண்ணையும், அந்தத் துணியில் துடைத்த காந்தத்தின் படத்தையும் அனுப்பி வையுங்கள். கிளட்சின் அளவை அதை வைத்து முடிவு செய்வோம். அதுவரை அந்த ஹெடருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.